அடைக்கோழி மூக்குல இறகு குத்துற புண்ணியவான்களே...

போன ஞாயித்துக்கிழமை ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன் மக்களே. முன்வாசல்ல பந்தல், அஞ்சு வகை சாதம், கை நிறைய வளையல். ஆளாளுக்கு அந்தப் பொண்ணு கன்னத்துல சந்தனத்தைப் பூசிட்டு "அலுங்காம நட ஆத்தா, பனியில நிக்காத, நல்லாச் சாப்பிடு"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. பார்க்கவே மனசு நெறஞ்சு போச்சு.

சாப்பிட்டுட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். அங்க ஒரு பெட்டைக்கோழி நின்னுச்சு. அதோட ஒரு பக்க மூக்குத் துவாரத்துல விட்டு மறுபக்கம் இழுத்த இறகு, மீசை மாதிரி ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. தலையை உதறுது. காலைத் தூக்கி மூஞ்சியப் பிறாண்டுது. மறுபடி உதறுது. மூக்கோரத்துல ரத்தம் காய்ஞ்சு கருப்பா ஒட்டியிருக்கு.

"என்ன மதினி இது?"ன்னு கேட்டேன்.

"அடைக்கு விழுந்துருச்சு. தெளியட்டும்னு குத்தி விட்டோம். நாலு நாளாச்சு, இன்னும் போய்ப் போய் படுக்குது சனியன்."

முன்வாசல்ல ஒரு சட்டம், கொல்லையில ஒரு சட்டம். வீட்டுக்காரங்க வீட்டு விசேஷத்துல சண்டை போடக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன். அந்தச் சண்டையைத்தான் இங்க போடப்போறேன். மொக்கைப் பதிவு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.

முதல்ல எனக்கு இதைப் பேச என்ன யோக்கியதைன்னு சொல்லிடறேன். ஒண்ணும் கிடையாது. நானும் இதே கேஸ்தான்.

2021 ஐப்பசி. எங்க வீட்டுல செவலைன்னு ஒரு சிறுவிடைக் கோழி இருந்துச்சு. என் பொண்ணு பஞ்சாரத்துல இருந்து குஞ்சா எடுத்து வளர்த்தது. அது முதல் தடவையா அடைக்கு விழுந்துச்சு. நான் அப்பத்தான் கோழி வளர்க்க ஆரம்பிச்ச புதுசு. ஆபீஸ்ல ஒருத்தர், "ஒரு வாளித் தண்ணியில நாலு முக்கு முக்குங்க மேடம், சூடு இறங்கி அடை தெளிஞ்சிரும்"னார். மழை பிசுபிசுன்னு பெஞ்சுக்கிட்டு இருந்த சாயங்காலம் அது. முக்கினேன். மறுநாள் மறுபடி போய்ப் படுத்துச்சு, மறுபடி முக்கினேன். மூணாம் நாளும் முக்கினேன். நாலாம் நாள் காலையில கூண்டைத் திறந்தா, வெறைச்சுக் கிடக்கு.

என் பொண்ணு அழுகல. "நீதானம்மா பண்ண?"ன்னு மட்டும் கேட்டா. அந்தக் கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட பதில் இல்ல. அதனால நான் பண்ணுனதையும் சேர்த்துத்தான் இங்க திட்டப்போறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அடைன்னா என்ன? காய்ச்சலா? சோம்பேறித்தனமா? திமிரா? நம்மாளுங்க "சூடு பிடிச்சிருச்சு", "கிறுக்குப் பிடிச்சிருச்சு"ன்னு ஏதோ நோய் மாதிரி பேசுறாங்க. அது நோயே கிடையாதுங்க. நாட்டுக்கோழி 10, 15 முட்டை வரிசையா விடும். அதுக்கப்புறம் அதோட மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி, புரோலாக்டின்னு ஒரு ஹார்மோனை அதிகமாச் சுரக்குது. அது ஏற ஏற முட்டை விடுறது நின்னுரும். பாதுகாப்பான ஒரு இடமும் வயித்துக்கு அடியில ஒரு கதகதப்பும் கிடைச்சா கோழி எழுந்திரிக்காது. நெஞ்சுக்குக் கீழ இறகு உதிர்ந்து வெறும் தோலாயிரும், அங்க ரத்த ஓட்டம் கூடும். முட்டைக்கு நேரா சூடு போறதுக்கு உடம்பு செஞ்சுக்குற ஏற்பாடு அது. கிட்ட போனா உப்பும், குர்ர்ருனு உறுமும், கொத்தும். ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து ஒரு கால்மணி நேரத்துல தின்னு, தண்ணி குடிச்சு, ஒரு பெரிய நாத்தம் பிடிச்ச எச்சம் போட்டுட்டு, ஓடி வந்து படுத்துக்கும்.

இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்குங்க. பிள்ளை பெத்த பொம்பளைக்குப் பால் சுரக்குறதும் இதே புரோலாக்டின் ஹார்மோனாலதான். வளைகாப்புப் பந்தல்ல உக்காந்திருந்த பொண்ணுக்குப் பத்தியம் பார்த்துப் பார்த்துச் செய்யுறவங்க, அதே ஹார்மோன் கொல்லையில வேலை செஞ்சா இறகைத் தூக்கிட்டு வர்றாங்க.

இப்ப இந்த வைத்தியங்களை ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

இறகு குத்துறது: மூக்குல அரிப்பும் வலியும் இருந்தா கோழி படுக்காம அலையும்கிறது கணக்கு. கோழிக்கு மூச்சு விடுற வழி அது. அதைக் கிழிச்சு, அழுக்கு இறகை அதுலயே வச்சா, புண்ணு சீழ் பிடிக்கும். மண்ணைக் கிளறித் திங்கிற பிராணிக்கு மூக்குல புண்ணு இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? இவ்வளவும் பண்ணி வயித்துக்கு அடியில இருக்குற கதகதப்பு போச்சா? போகல. அதான் நாலு நாளாகியும் "போய்ப் போய் படுக்குது".

தண்ணியில முக்குறது: கொதிக்கிற சித்திரை வெயில்ல வயிறு நனையற மாதிரி வச்சா கோழி பிழைச்சுக்கும். மழைக்காலத்துல முழுக்க நனைஞ்ச கோழி ராத்திரிக்குள்ள காயாது. செவலை கதை மேல இருக்கு, மறுபடி எழுத எனக்குத் தெம்பில்ல.

காலைக் கட்டித் தொங்க விடுறது, சாக்குல கட்டி இருட்டுல போடுறது, பட்டினி போடுறது: அடைக்கோழி ஏற்கெனவே அரைப்பட்டினி. அதைப் போய் இன்னும் பட்டினி போட்டா, அடை தெளிஞ்ச பிறகும் முட்டை விட உடம்புல சத்து இருக்காது. நீங்க எதுக்காகத் தெளிய வச்சீங்க? முட்டைக்காகத்தானே? அப்ப யாருக்கு நஷ்டம்?

"எங்க அப்பத்தா காலத்துல இருந்து இப்படித்தான்"னு ஒரு வாதம் கண்டிப்பா வரும். எங்க அத்தைகிட்ட (மாமியார்தான், பெரியகுளம் பக்கம், கோழியோடயே வளர்ந்தவங்க) இதைக் கேட்டேன். அவங்க காலத்துலயும் இறகு குத்துறது உண்டாம். ஆனா அவங்க சொன்னதுல பாதியை நாம சௌகரியமா மறந்துட்டோம். "அடைக்கு விழுந்தா முதல்ல முட்டைக்குத்தானத்தா அலைவோம். நம்ம வீட்டுல சேவல் இல்லைன்னா பக்கத்து வீட்டுல முட்டை வாங்கி வைப்போம். பொறிச்சதுல பாதி அவுங்களுக்கு, பாதி நமக்கு"ன்னாங்க. வாரத்துக்கு விடுறதும்பாங்க. கையில காசே இல்லாத பொம்பளைங்க ஒரு அடைக்கோழியை மட்டும் வச்சு மந்தை சேர்த்திருக்காங்க. அந்தக் காலத்து அறிவுல வாரத்தை விட்டுட்டு இறகை மட்டும் எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு பாரம்பரியம் இல்லைங்க.

அடுத்த வாதம்: "நாளைக்குக் குழம்பாகப் போற கோழிக்கு இவ்வளவு சீனா?"

நானும் கோழி திங்கிறவதான். சைவம் பேச வரல. அறுக்கிறது ஒரு நிமிஷ வேலை, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. மூக்குல இறகோட அஞ்சு நாள் அலையவிடுறதுக்கு என்ன காரணம் இருக்கு? பலனும் இல்ல, பிரயோஜனமும் இல்ல, வெறும் வதை. 1960-ம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துல, மனுஷன் தவிர உயிருள்ள எல்லாமே விலங்குன்னுதான் எழுதியிருக்கு, கோழியும் அதுல அடக்கம். முதல் தடவை தப்புக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரைக்கும்னு போட்டிருக்காங்க. எங்க ஊர்ல நாட்டுக்கோழி முட்டை ஒண்ணு 15 ரூபா. நாலு முட்டை வித்தா அபராதத்தைக் கட்டிட்டு மிச்சம் பத்து ரூபாய்க்கு டீ குடிக்கலாம். அதனால சட்டத்தைக் காட்டி நான் யாரையும் மிரட்டப் போறதில்ல :-)

இப்ப எதிர்க்கோஷ்டிக்கு வர்றேன். "ஐயோ பாவம், தாய்மை, இயற்கை, அது பாட்டுக்கு படுக்கட்டும் விடுங்க"ன்னு உருகுறவங்க இருக்கீங்கள்ல, உங்களுக்கும் இருக்கு பங்கு.

செவலை போன பிறகு நானும் அந்தக் கோஷ்டியில சேர்ந்தேன். அடுத்த வருஷம் கருப்பி அடைக்கு விழுந்தப்போ, அப்ப எங்ககிட்ட சேவல் இல்ல, "எதுவும் செய்யப்போறதில்ல"ன்னு முடிவு பண்ணிட்டேன். வெறும் கூடையில வெறும் வைக்கோல் மேல படுத்திருச்சு. ஒரு வாரம் போச்சு, மூணு வாரம் போச்சு. முட்டை இருந்திருந்தா 21-ம் நாள் குஞ்சு சத்தம் கேட்டிருக்கும், அதுவும் எழுந்து வந்திருக்கும். முட்டையே இல்லாதவளுக்கு எந்தச் சத்தம் கேட்கும்? அஞ்சாவது வாரம் தூக்கிப் பார்த்தா கையில கனமே இல்ல. நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்துது. கொண்டை வெளிறிப் போச்சு. இறகை விலக்கினா செல்லு ஊறுது, என் கை முழுக்க ஏறிருச்சு.

அதைத் தேத்தி எடுக்க ரெண்டு மாசம் ஆச்சு. தண்ணியில முக்கினப்பயாவது ஏதோ செஞ்சேன். இங்க ஒண்ணுமே செய்யாம, அதுக்குக் கருணைன்னு பேரும் வச்சுக்கிட்டேன். வளர்க்கிறதுன்னு வந்துட்டா அப்புறம் இயற்கை மேல பழியைப் போட்டு ஒதுங்க முடியாதுங்க. காட்டுல இருக்குற கோழிக்கு அடியில இருந்து தினமும் யாரும் முட்டையை எடுத்து ஆம்லேட் போடுறதில்லையே?

அதனால நான் சொல்றது ரொம்பச் சின்ன விஷயம். கோழி அடைக்கு விழுந்த முதல் ரெண்டு நாளுக்குள்ள ஒரு முடிவு எடுங்க. ஒண்ணு, முட்டை வைங்க. இல்ல, ஒழுங்கா தெளிய வைங்க. நடுவுல விட்டுடாதீங்க.

முட்டை வைக்கிறதா இருந்தா: சேவல் மிதிச்ச முட்டை வேணும். கடையில விக்கிற வெள்ளை முட்டையை வச்சுட்டு 21 நாள் காத்திருந்த ஒரு அண்ணனை எனக்குத் தெரியும் (இதைப் படிச்சா அவரே சிரிப்பார்). பண்ணையில சேவலே கிடையாது, அந்த முட்டை தலைகீழா நின்னாலும் பொறிக்காது. ஒரு வாரத்துக்குள்ள விட்ட முட்டையா, விரிசல் இல்லாம, சிறுவிடைக்கு 10, 12-க்கு மேல வேண்டாம். எல்லாத்தையும் ஒரே நாள்ல வச்சு கரிக்கோடு போட்டுடுங்க. மத்த கோழிங்க வந்து அதே கூடையில முட்டை விட்டுட்டுப் போகும், கோடு இல்லாததைத் தினமும் எடுத்துடலாம். ராத்திரியில வச்சா கோழி மிரளாது. ஏழாம் நாள் இருட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள சிலந்தி வலை மாதிரி நரம்பு ஓடினா கரு பிடிச்சிருக்கு, ஒண்ணும் இல்லாம தெளிவா இருந்தா அது பொறிக்காது, எடுத்துடுங்க. தண்ணியும் தீனியும் கூடைக்குக் கிட்டயே இருக்கட்டும். சித்திரை, வைகாசி வெயில்ல வைக்காதீங்க, நிறைய கூமுட்டையாப் போயிரும்.

தெளிய வைக்கிறதா இருந்தா: ரெண்டு தக்காளி கிரேடு போதும். காய்கறி மண்டியில பார்த்திருப்பீங்க, ஓட்டை ஓட்டையா இருக்குற பிளாஸ்டிக் பெட்டி. ஒண்ணை நாலு செங்கல் மேல தூக்கி வச்சு, இன்னொண்ணை அது மேல கவுத்துக் கட்டுங்க. உள்ள வைக்கோலும் சாக்கும் எதுவும் போடக்கூடாது. கோழியை உள்ள விட்டு, நல்ல வெளிச்சமான நிழல்ல, மத்த கோழிங்க கண்ணுல படுற இடத்துல வைங்க. தண்ணி, கம்பு எப்பவும் போல வயிறு நிறைய. அடியில காத்து ஓடுறதால வயித்துக்கு அந்தக் கதகதப்பு கிடைக்காது. கதகதப்பும் இருட்டு மூலையும் இல்லைன்னா ஹார்மோன் தானா இறங்கிடும். மூணு நாள்ல திறந்து விடுங்க. நேரா கூடைக்கு ஓடினா இன்னும் ரெண்டு நாள். மேயப் போயிட்டா தெளிஞ்சிருச்சு. அதுக்குள்ள பழைய கூடையை எடுத்து ஒளிச்சு வச்சிருங்க. பூனை, கீரி உள்ள ஊர்னா ராத்திரி பெட்டியை வீட்டுக்குள்ள கொண்டு வந்துடுங்க. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறீங்களோ அவ்வளவு சீக்கிரம் தெளியும். மூணு வாரம் படுத்த கோழியை மூணு நாள்ல எழுப்ப முடியாது.

ஒரு சொட்டு ரத்தம் இல்ல, ஒரு வாளித் தண்ணி இல்ல. ஒரு ரெண்டு வாரத்துல மறுபடி முட்டைக்குக் கேற ஆரம்பிச்சிரும்.

கடைசியா ஒண்ணு. யூட்யூப்ல "அடை படுக்கிற கோழியை முதல்ல கழிச்சுக் கட்டுங்க, நஷ்டம்"னு ஒருத்தர் சொல்லிக்கிட்டு இருந்தார். ஆயிரம் கோழி வச்சு முட்டை யாவாரம் பண்றவருக்கு அது சரியா இருக்கலாம். நாமக்கல் பண்ணைகள்ல இருக்குற வெள்ளைக்கோழியெல்லாம் அப்படித்தான் தலைமுறை தலைமுறையா அடை படுக்காததையே பொறுக்கிப் பொறுக்கி வந்த வம்சம். வருஷத்துக்கு 300 முட்டை விடும், ஆனா ஒரு குஞ்சு கூட அதால பொறிக்க வைக்க முடியாது. மெஷின் வேணும், கரண்ட்டு வேணும். கருங்கோழியும் அடைக்கு லாயக்கில்ல, அதோட முட்டையைப் பொறிக்க நம்ம சிறுவிடைக்கு அடியிலதான் கொண்டு வந்து வைக்கிறாங்க.

கொல்லையில பத்துக் கோழி வச்சிருக்குற நாமளும் அதே கணக்கைப் போட்டா என்ன ஆகும்? அடை படுக்கிறதை எல்லாம் குழம்பு வச்சுட்டா, நாலஞ்சு தலைமுறையில நம்ம மந்தையும் அப்படி ஆயிரும். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் குஞ்சுக்குக் காசு கொடுத்து வெளிய வாங்கணும். அந்தக் குஞ்சுக்கு பல்பு போடணும், தீனி வாங்கணும். பருந்து நிழல் விழுந்தா எங்க ஓடணும்னு சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

என் நோட்டுக் கணக்கையே சொல்றேன். போன தடவை 11 முட்டை வச்சேன். 9 பொறிச்சது. காக்கா ரெண்டு, கீரி ஒண்ணு கொண்டு போச்சு. 6 நின்னுச்சு. ஆறு மாசத்துல ஒரு கோழி 400 ரூபாய்க்குக் குறையாம போகுது. அந்த 11 முட்டையை வித்திருந்தா 165 ரூபா. அந்தக் கோழியைத் தெளிய வச்சு இன்னும் முப்பது முட்டை வாங்கியிருந்தாக் கூட 450 ரூபா. தீனிச் செலவு? பெரும்பாலும் அதுங்களே மேய்ஞ்சுக்கும். இப்ப சொல்லுங்க, அடைக்கோழி நஷ்டமா?

இதை எழுதும்போது கருப்பி பின்கட்டுல பழைய கூடையில 12 முட்டையோட படுத்திருக்கு. இன்னைக்கு 19-ம் நாள். என் பொண்ணு காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கா. ராத்திரி கூடைகிட்ட காதை வச்சுக் கேட்டுட்டு வந்து, "உள்ள கீச்சுங்குதும்மா"ன்னா. செவலையைப் பத்தி இன்னும் நாங்க ரெண்டு பேரும் பேசினதில்ல.

அந்த வளைகாப்பு வீட்டு மதினிக்குத் தக்காளி கிரேடு ரெண்டு எடுத்து வச்சிருக்கேன். நாளைக்கு வண்டியில கொண்டு போய்க் கொடுக்கணும். முதல்ல அந்த இறகை எடுத்து, புண்ணைக் கழுவி, மஞ்சள் வைக்கணும். திட்டினாங்கன்னா வாங்கிக்குவேன், ஞாயித்துக்கிழமையே பேசியிருக்கணும்.

உங்க வீட்டுல அடைக்கோழிக்கு என்ன பண்றீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. இறகு குத்துறவங்களும் வாங்க, சண்டை போடலாம்.

டிஸ்கி: பொறிச்ச உடனே படம் போடுறேன். அதுவரைக்கும் "எத்தனை குஞ்சு"ன்னு யாரும் கேட்கப்படாது, அத்தை கண்ணு பட்டுரும்ங்கிறாங்க :-)